மக்கள்தொகை ஆய்வுக்கான காசு எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கிறது

2025 பிப்ரவரிக் கடைசியில் அமெரிக்க அரசு டி.எச்.எஸ் என்ற கணக்கெடுப்புத் திட்டத்தை நிறுத்தியது. ஏழை நாடுகளில் ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன, அதில் எத்தனை குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டுகின்றன, யாருக்குப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, யாருக்கு வீட்டிலேயே நடக்கிறது என்றெல்லாம் உலகம் தெரிந்துகொண்டது பெரும்பாலும் இந்தத் திட்டத்தின் வழியாகத்தான். 1984-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் பணத்தில் தொடங்கியது. 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் 400-க்கும் மேற்பட்ட சர்வேக்களை நடத்தியிருந்தது. நம் ஊர்ப் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் என்.எஃப்.எச்.எஸ், அதாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். திட்டம் நின்றபோது சில நாடுகளில் களப்பணி பாதியில் கிடந்தது. ஆய்வுக்காகப் புதிதாக டேட்டா கேட்டு எழுதிய மாணவர்களுக்கு அனுமதி கொடுக்க ஆள் இல்லை. சில மாதங்கள் கழித்து கேட்ஸ் அறக்கட்டளை இடைக்கால உதவி செய்து, நின்றுபோன வேலைகளில் ஒரு பகுதியை முடிக்க வழி பண்ணியது.

அந்த வருடம் எத்தனையோ திட்டங்கள் நின்றன. இதை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், மக்கள்தொகை ஆய்வுத் துறை எதை நம்பி உயிர் வாழ்கிறது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி அப்படியே காட்டிக்கொடுத்துவிட்டது. இந்தத் துறைக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரே கேள்வியை, ஒரே மாதிரி, பல ஆயிரம் பேரிடம், பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சேர்த்துவைத்த பதில்கள்தான் இதன் மூலதனம். இடையில் ஒரு சுற்று விட்டுப்போனால் அதை அப்புறம் எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது, ஏனென்றால் 2025-இல் கேட்க வேண்டிய கேள்விக்கு 2030-இல் யாரும் சரியான பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் இதற்கான காசோ ஐந்து வருடம், இரண்டு வருடம் என்று துண்டு துண்டாக வருகிறது. ஐம்பது வருடம் ஓட வேண்டிய வேலையை ஐந்து வருடப் பணத்தில் ஓட்டுவது எப்படி என்பதுதான் இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொரு பேராசிரியருக்கும், ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் அன்றாடப் பிரச்சினை. ஃபெலோஷிப் அறிவிப்பு, கிராண்ட் என்ற ஆய்வு மானியத்தின் கெடு தேதி, புதிய டேட்டா வெளியீடு என்று இவர்கள் விடாமல் துரத்திக்கொண்டிருப்பது அதனால்தான்.

இந்த ஏற்பாடு பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில். அதனால் அங்கேயே தொடங்குவோம்.

முதலில் வந்தது அரசுப் பணம் அல்ல, பணக்காரர்களின் அறக்கட்டளைப் பணம். 1922-இல் ஒஹாயோ மாநிலத்தின் மயாமி பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்ஸ் குடும்பத்தின் பணத்தில் ஒரு மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் அமைந்தது. 1936-இல் மில்பேங்க் மெமோரியல் ஃபண்ட் உதவியோடு பிரின்ஸ்டனில் ஆஃபிஸ் ஆஃப் பாப்புலேஷன் ரிசர்ச் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ஃபிராங்க் நோட்ஸ்டைன். 1952-இல் மூன்றாம் ஜான் டி. ராக்ஃபெல்லர் பாப்புலேஷன் கவுன்சிலை நிறுவினார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஃபோர்டு ஃபவுண்டேஷன் பல பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து மையங்களை உருவாக்கியது. மிச்சிகனில் ரொனால்ட் ஃப்ரீட்மன் 1961-இல் தொடங்கிய மையமும் அப்படி எழுந்ததுதான்.

கொடுத்தவர்களுக்கு ஒரு கவலை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆசியாவில் ஜனத்தொகை கட்டுக்கடங்காமல் பெருகுகிறது, அதைக் குறைக்க வேண்டும் என்பதே அந்தக் கவலை. ஆய்வுக் கேள்விகளும் அதை ஒட்டியே அமைந்தன. பஞ்சாபில் கன்னா என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 1950-களில் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன் ஆதரவோடு நடந்த ஆய்வு. வீடு வீடாகப் போய்க் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள்; ஜனங்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள், ஆனால் பிறப்பு விகிதம் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. நிலத்தில் வேலை செய்யவும் வயதான காலத்தில் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகள் தேவைப்பட்ட குடும்பங்கள் ஏன் குறைத்துக்கொள்ளும் என்ற கேள்வியைப் பின்னால் வந்த விமர்சகர்கள்தான் அழுத்தமாகக் கேட்டார்கள். பணம் கொடுத்தவர் மனதில் விடை முன்கூட்டியே இருந்தால் கேள்வியே சுருங்கிவிடுகிறது. இதை அந்தக் கால ஆய்வாளர்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் சேர்த்த தரவுகள் இன்றைக்கும் பயன்படுகின்றன. ஆனால் எந்த கிராண்ட் அறிவிப்பைப் படித்தாலும் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார் என்று பார்க்கும் பழக்கம் ஒரு ஆய்வாளருக்கு வேண்டும்.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. தென்கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 2023-இல் 0.72 என்ற அளவுக்கு விழுந்தது. உலக மக்கள்தொகை 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு அப்புறம் இறங்கத் தொடங்கும் என்கிறது ஐ.நா.வின் 2024 கணிப்பு. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இருக்கும் பாப்புலேஷன் வெல்பீயிங் இனிஷியேட்டிவ் என்ற குழுவுக்கு மஸ்க் ஃபவுண்டேஷன் 1 கோடி டாலர் கொடுத்ததாகப் பத்திரிகைச் செய்தி வந்தது. எழுபது வருடத்துக்கு முன்னால் பிள்ளைகள் அதிகம் என்று கவலைப்பட்ட பெரும் பணம், இன்று பிள்ளைகள் போதவில்லை என்று கவலைப்படுகிறது. அந்தக் குழுவில் இருப்பவர்கள் நேர்மையான, தேர்ந்த ஆய்வாளர்கள். என் கவலை வேறு: தாய்மார் இறப்பு, புலம்பெயர்ந்த தொழிலாளர், முதியோர் வறுமை மாதிரியான விஷயங்களுக்கு இப்படித் தனி மனிதர்களின் ஆர்வத்தில் பெரும் பணம் வந்து சேர்வது அபூர்வம். அவற்றுக்கு அரசுப் பணம்தான் கதி.

அந்த அரசுப் பணம் அமெரிக்காவில் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1962-இல் என்.ஐ.எச் என்ற தேசியச் சுகாதார நிறுவனங்களுக்குள் குழந்தைகள் நலனுக்காக என்.ஐ.சி.எச்.டி தொடங்கியது. 1970 டிசம்பரில் நிக்சன் கையெழுத்திட்ட குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பெயரிலேயே மக்கள்தொகை ஆய்வும் இடம்பெற்றது. 1974-இல் முதுமை குறித்த தேசிய நிறுவனமான என்.ஐ.ஏ வந்தது. ஃபோர்டு ஃபவுண்டேஷன் எழுப்பிய மையங்களை மெல்ல மெல்ல அரசு தாங்கத் தொடங்கியது. இன்று மிச்சிகன், வட கரோலினா, பிரின்ஸ்டன், விஸ்கான்சின், மின்னசோட்டா என்று பல பல்கலைக்கழகங்களில் மக்கள்தொகை மையங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு என்.ஐ.சி.எச்.டி பி2சி என்ற வகையில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போட்டி வைத்து நிதி கொடுக்கிறது.

இந்த பி2சி பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இது ஆய்வுக்கான பணம் அல்ல. ஆய்வு செய்கிறவர்களுக்குப் பின்னால் நிற்கும் அலுவலகத்துக்கான பணம். அதில் ஒரு பகுதி நிர்வாகத்துக்குப் போகிறது: எந்த நிறுவனம் என்ன கேட்டிருக்கிறது, எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும், இந்த ஆய்வாளருக்கு அது பொருந்துமா என்று பார்த்துச் சொல்வதற்கும், பட்ஜெட் போடுவதற்கும், படிவம் நிரப்புவதற்கும் சம்பளத்துக்கு ஆள். இன்னொரு பகுதி விதைப் பணம்: புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒரு சின்ன முன்னோட்ட ஆய்வு செய்து பார்க்கச் சில ஆயிரம் டாலர். மூன்றாவது தொழில்நுட்பம்: புள்ளியியல் ஆலோசகர், புரோகிராமர், ரகசியத் தரவுகளை வைத்து வேலை செய்யப் பாதுகாப்பான கணினி அறை. தனி நபர் அடையாளம் தெரிந்துவிடக்கூடிய சென்சஸ் விவரங்களை அப்படிப்பட்ட அறைகளில் மட்டும்தான் அனுமதி வாங்கிப் பார்க்க முடியும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அமெரிக்கப் பேராசிரியர்கள் பெரிய கிராண்ட் வாங்குவதை அவர்களின் தனித் திறமை என்றே நினைக்கிறார்கள். திறமை இருக்கிறதுதான். ஆனால் அதே திறமை உள்ள ஒருவர் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து, வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்து, விடைத்தாளும் திருத்தி, இரவில் தானே பட்ஜெட் அட்டவணை போட்டு, கெடு முடிவதற்கு முதல்நாள் பதிவாளர் கையெழுத்துக்காக அலைந்துகொண்டிருந்தால், போட்டி எப்படிச் சமமாக இருக்கும்?

சரி, அங்கே ஒரு ஆய்வாளர் பணம் கேட்கும் முறையைப் பார்க்கலாம். என்.ஐ.எச்சின் பெரிய கிராண்ட் ஆர்01. வழக்கமான வடிவில் நேரடிச் செலவுக்கு வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை, அதிகபட்சம் ஐந்து வருடம். ஆர்21 என்பது புது யோசனையைச் சோதித்துப் பார்க்க. இரண்டு வருடத்துக்கு மொத்தம் 2,75,000 டாலர். ஆர்03 சின்னது, வருடத்துக்கு 50,000 வீதம் இரண்டு வருடம். மக்கள்தொகை ஆய்வாளர்களுக்கு ஆர்03 அருமையான வாய்ப்பு, ஏனென்றால் ஏற்கெனவே இருக்கும் சர்வே டேட்டாவை எடுத்துப் புதிய கேள்வி கேட்பதற்கு அந்தப் பணமே போதும். ஆர்01-க்கு ஆய்வுத் திட்டம் 12 பக்கம், மற்ற இரண்டுக்கும் 6 பக்கம். எல்லாவற்றுக்கும் முன்னால் நோக்கங்களைச் சொல்லும் ஒற்றைப் பக்கம். அந்த ஒற்றைப் பக்கத்துக்குத்தான் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அதை எழுதி முடித்ததும் சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் திட்ட அலுவலருக்கு அனுப்பி, இது உங்கள் துறைக்கு ஏற்றதா என்று கேட்பது அங்கே சர்வ சாதாரணம். அதைச் சிபாரிசு பிடிப்பதாக யாரும் நினைப்பதில்லை. கேட்காமல் அனுப்புவதைத்தான் விவரம் தெரியாத வேலையாகப் பார்க்கிறார்கள். நம் ஊர் மாணவர்கள் பலர் கூச்சத்தினால் இதைச் செய்வதில்லை.

விண்ணப்பங்களை அதே துறை ஆய்வாளர்கள் கூடிப் படிக்கிறார்கள். முதற்கட்ட மதிப்பெண்ணில் ஏறக்குறைய கீழ்ப்பாதியில் இருப்பவை கூட்டத்தில் பேசப்படுவதே இல்லை. பேசப்படுபவற்றுக்கு 10 முதல் 90 வரை மதிப்பெண், 10 வாங்கினால் மிகச் சிறப்பு. 2025 ஜனவரி முதல் மதிப்பிடும் முறையையும் கொஞ்சம் மாற்றினார்கள்: ஆய்வின் முக்கியத்துவம், அதைச் செய்யும் முறையின் உறுதி இரண்டுக்கும்தான் மதிப்பெண், ஆய்வாளரின் தகுதியும் நிறுவன வசதியும் போதுமா போதாதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பெரிய பெயர் உள்ளவருக்குப் பெயருக்காகவே நல்ல மதிப்பெண் விழுவதைக் குறைக்கும் நோக்கம். இது நல்ல மாற்றம் என்றுதான் சொல்வேன். இன்னொரு மாற்றம் 2025 செப்டம்பரில் வந்தது: ஒரு முதன்மை ஆய்வாளர் வருடத்துக்கு ஆறு விண்ணப்பங்களுக்கு மேல் அனுப்பக் கூடாது, செயற்கை நுண்ணறிவு பெருமளவில் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்களை ஏற்கமாட்டோம்.

குடியுரிமை விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், இங்கிருந்து போகும் மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் அது. டி32 என்ற பயிற்சி நிதியும், எஃப்31 என்ற முனைவர் பட்ட ஃபெலோஷிப்பும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான். அதனால் ஒரே மையத்தில், ஒரே வழிகாட்டியிடம் படிக்கும் இருவரில் ஒருவருக்குப் பயிற்சி நிதி கிடைக்கும், இந்திய மாணவர் ஆசிரியர் உதவியாளராக வேலை செய்தே படிப்பை ஓட்ட வேண்டியிருக்கும். ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பின் வரும் கே99 என்ற நிதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, அந்த அனுபவம் நான்கு வருடத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிடைத்தால் இரண்டு வருடம் போஸ்ட்டாக்காகவும், மூன்று வருடம் சொந்த வேலையிடத்திலும் கையில் பணம் இருக்கும். வேலை தேடும்போது இது பெரிய பலம். மையத்தில் சேரும் முதல் வருடத்திலேயே இதை மனதில் வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் திட்டமிடுகிறவர்கள் முன்னால் போகிறார்கள்.

அறிவியல் ரீதியாக எல்லாம் சரியாக இருந்தும் அரசியல் குறுக்கே வரும் நேரங்கள் உண்டு, இது 2025-இல் புதிதாக நடந்ததும் அல்ல. வட கரோலினாவின் ரிச்சர்ட் உட்ரி பதின்வயதினரின் பாலியல் நடத்தை குறித்து நாடு தழுவிய ஆய்வொன்றைத் திட்டமிட்டார். சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டில் தேறி, நிதியும் ஒப்புதலாகியிருந்தது. எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த காலம், அந்தத் தகவல் அவசரமாகத் தேவைப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 1991-இல் சுகாதாரத் துறைச் செயலர் லூயிஸ் சல்லிவன் அதை ரத்து செய்தார். பெரியவர்களைப் பற்றிய இன்னொரு ஆய்வுக்கும் அரசுப் பணம் கிடைக்காமல் போனது. 20,000 பேரைப் பேட்டி காணத் திட்டமிட்டிருந்தவர்கள் தனியார் அறக்கட்டளைகளின் உதவியோடு 3,400 பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் 1993-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பதின்வயதினரின் உடல்நலம் குறித்து விரிவான ஆய்வு வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியது. அதிலிருந்து பிறந்ததுதான் ஆட் ஹெல்த். 1994-95-இல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை அன்றிலிருந்து விடாமல் பின்தொடர்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்கள். சிறு வயது நட்பும் குடும்பமும் வறுமையும் நடுவயதில் உடம்பை எப்படிப் பாதிக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் குறைவு.

2025-இல் நடந்தது அதைவிடப் பரந்த அடி. பாலின அடையாளம், இன ஏற்றத்தாழ்வு, தடுப்பூசித் தயக்கம் என்று சில தலைப்புகளைத் தொட்ட கிராண்ட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரத்தாயின. வழக்கு போனது, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், வழக்கு நடந்துகொண்டிருக்கும் வரை சுமார் 78 கோடி டாலர் மதிப்புள்ள கிராண்ட்களை அரசு நிறுத்தி வைக்கலாம் என்றது. மக்கள்தொகை ஆய்வுக்கு இது நெஞ்சில் விழுந்த அடி, ஏனென்றால் யார் சீக்கிரம் இறக்கிறார்கள், யார் நீண்டு வாழ்கிறார்கள் என்ற கேள்வியை இனம், வருமானம், பாலினம் பார்க்காமல் ஆராயவே முடியாது. பிப்ரவரியில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுச் செலவுக்கு மேல் கட்டடம், மின்சாரம், நிர்வாகம் என்று தரப்படும் மறைமுகச் செலவுத் தொகையை 15 சதவீதத்தோடு நிறுத்தப்போவதாக என்.ஐ.எச் சொன்னது. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது 50 சதவீதத்துக்கு மேல். நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. 1987 முதல் பிரசவித்த தாய்மார்களிடம் விவரம் சேர்த்துவந்த பிராம்ஸ் என்ற கணக்கெடுப்பின் அலுவலர்களையும் ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நமக்கு நேரடியாகப் பட்ட அடி 2025 மே மாதத்தில் வந்தது: வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணை நிதி பிரித்துக்கொடுக்கும் முறையைப் புதிய ஏற்பாடு வரும் வரை என்.ஐ.எச் நிறுத்தியது. லாசி என்ற ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 இந்தியர்களை 2017-18-இல் முதல் சுற்றாகச் சந்தித்த, முதுமை பற்றிய கணக்கெடுப்பு. மும்பையின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.பி.எஸ், ஹார்வர்டு, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து நடத்தியது. இந்தியச் சுகாதார அமைச்சகத்தோடு அமெரிக்காவின் என்.ஐ.ஏ-வும் பணம் போட்டது. மிச்சிகனில் 1992 முதல் நடக்கும் ஹெச்.ஆர்.எஸ் என்ற முதுமை ஆய்வின் அச்சில் வார்த்தது என்பதால், ஈரோட்டுப் பாட்டியின் ஞாபகசக்தியையும் டெட்ராய்ட் பாட்டியின் ஞாபகசக்தியையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. இந்த மாதிரிக் கூட்டு முயற்சிகள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் பணத்தை வாங்கி இந்திய நிறுவனத்துக்குப் பிரித்துக்கொடுக்கும் முறையில்தான் பெரும்பாலும் ஓடின. அந்தக் கதவு எந்த நேரமும் சாத்தப்படலாம் என்று இப்போது தெரிந்துவிட்டது.

அமெரிக்காவை விட்டால் வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சிலின் ஸ்டார்ட்டிங் கிராண்ட் ஐந்து வருடத்துக்கு 15 லட்சம் யூரோ வரை. எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம், வேலையிடம் ஐரோப்பாவில் இருந்தால் போதும். ஜெர்மனியின் ராஸ்டாக் நகரில் மேக்ஸ் பிளாங்க் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் இருக்கிறது, முனைவர் பட்ட மாணவர்களுக்கு நாட்டுக் கட்டுப்பாடு வைப்பதில்லை. வியன்னாவுக்குப் பக்கத்தில் லாக்சன்பர்க்கில் உள்ள ஐ.ஐ.ஏ.எஸ்.ஏ என்ற சர்வதேச ஆய்வு நிறுவனம் ஒவ்வொரு கோடையிலும் இளம் ஆய்வாளர்களை மூன்று மாதம் வரவழைக்கிறது. இந்தியா அதில் உறுப்பு நாடு என்பது பலருக்குத் தெரியாது. மாநாடு என்றால் மக்கள்தொகை ஆய்வாளர்களின் உலகச் சங்கமான ஐ.யு.எஸ்.எஸ்.பி நடத்தும் சர்வதேச மாநாட்டில் கட்டுரை தேறினால் வளரும் நாட்டுக்காரர்கள் பயண உதவியும் கேட்கலாம். பணமே தேவைப்படாத வாய்ப்பும் ஒன்று உண்டு: மின்னசோட்டாவின் ஐபம்ஸ். பல நாட்டு சென்சஸ் மாதிரிகளை ஒரே வடிவில் ஒழுங்குபடுத்தி, பதிவு செய்துகொண்ட ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். இந்தியாவுக்கு அங்கே சென்சஸ் கிடையாது, என்.எஸ்.எஸ் என்ற தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வேலைவாய்ப்புச் சர்வேக்கள்தான் இருக்கின்றன, அதுவும் நல்ல புதையல்தான்.

இனி நம் பக்கம். ஐ.ஐ.பி.எஸ் 1956-இல் டாடா டிரஸ்ட், இந்திய அரசு, ஐ.நா மூன்றின் கூட்டில் மும்பையில் தொடங்கியது. இந்தத் துறைக்கு நாட்டில் அதுதான் தாய்வீடு. அது போக, மத்தியச் சுகாதார அமைச்சகத்தின் முழுப் பணத்தில் ஓடும் மக்கள்தொகை ஆய்வு மையங்கள் நாடு முழுக்க 18 இருக்கின்றன, 12 பல்கலைக்கழகங்களிலும் 6 தனி நிறுவனங்களிலுமாக. தமிழ்நாட்டில் காந்திகிராமத்தில் ஒன்று. இந்த மையங்களின் உழைப்பில் பெரும்பகுதி அமைச்சகம் கேட்கும் மதிப்பீட்டு அறிக்கைகளுக்கே போய்விடுகிறது: இந்த மாவட்டத்தில் திட்டம் எப்படி நடக்கிறது, அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கிறதா என்று. அவசியமான வேலைதான், ஆனால் சொந்தக் கேள்வியை எடுத்துப் பத்து வருடம் பின்தொடரும் அளவுக்கு இடம் மிஞ்சுவதில்லை. இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கவுன்சிலான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர் 1969 முதல் சமூக அறிவியலுக்குப் பணம் தருகிறது. சென்னையில் அடையாற்றில் இருக்கும் எம்.ஐ.டி.எஸ், அதாவது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், அதன் ஆதரவில் நடப்பது. ஆனால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர் பணம் பெரும்பாலும் தனிப்பட்ட ஆய்வாளருக்கான புராஜெக்ட் பணம். பின்னால் நிற்கும் அலுவலகத்துக்கு, அதாவது அந்த பி2சி மாதிரியான விஷயத்துக்கு, இங்கே யாரும் காசு கொடுப்பதில்லை.

கேரளம் இதில் ஒரு வழி காட்டியது. திருவனந்தபுரத்தில் சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸில் கே.சி. சக்கரியாவும் எஸ். இருதய ராஜனும் 1998-இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப நடந்தது. வளைகுடாவில் எத்தனை பேர், எவ்வளவு பணம் வருகிறது, எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று அந்த மாநிலம் கையில் கணக்கு வைத்துப் பேசுகிறது. தமிழ்நாட்டிலும் 2015-இல் அப்படி ஒரு சர்வே நடந்தது. ஆனால் கேரளம் மாதிரி ஒரு தொடராக அதை வளர்த்தெடுக்கவில்லை. ஒருமுறை எடுத்தால் அது படம், பலமுறை எடுத்தால்தான் போக்கு தெரியும். திருப்பூருக்கும் ஓசூருக்கும் வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களைப் பற்றித் தினமும் அரசியல் பேசுகிறோம், எண்ணிக்கை கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இத்தனைக்கும் இந்த மாநிலத்துக்கு இன்று மக்கள்தொகை ஆய்வு மிகவும் தேவைப்படுகிறது. ஐந்தாவது என்.எஃப்.எச்.எஸ் தமிழ்நாட்டின் கருவள விகிதத்தை, அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகளை, 1.8 என்றது, பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்யும் மாதிரிப் பதிவு முறை 2020-க்கு 1.4 என்றது. இரண்டும் முறை வேறு, கால அளவு வேறு, ஆனாலும் இடைவெளி சின்னதல்ல. எது உண்மைக்கு அருகில் என்பதைப் பொறுத்துப் பள்ளிக்கூடங்களின் எண்ணிக்கை, முதியோர் ஓய்வூதியம், நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை வாதம் எல்லாம் மாறும். இதை உட்கார்ந்து பிரித்துப் பார்க்க நாலைந்து நல்ல ஆய்வு மாணவர்களும் இரண்டு வருடச் சம்பளமும் போதும். அவ்வளவு சின்னத் தொகை அது.

சென்சஸும் வருகிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளித் தள்ளி, 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து நடத்த 2025 ஜூன் 16-இல் அறிவிக்கை வந்தது; 2026-இல் வீட்டுப் பட்டியல், அப்புறம் தலை எண்ணிக்கை, கூடவே சாதி விவரம். மத்திய அமைச்சரவை இதற்குச் சுமார் 11,700 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. எண்ணுவதற்கு அவ்வளவு பணம் இருக்கிறது. எண்ணி முடித்த பிறகு அதை வைத்து ஆராய்கிறவர்களுக்கு என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. தனிநபர் அடையாளம் நீக்கிய மாதிரித் தரவுகளை ஆய்வாளர்கள் பார்க்கப் பாதுகாப்பான அறை எந்தெந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கும், சாதி விவரத்தை யார், எந்த நிபந்தனையோடு தொடலாம், கட்டணம் உண்டா என்பதையெல்லாம் தரவு வெளிவருவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டும். வந்த பிறகு கேட்டால் டெல்லியில் நாலு நிறுவனங்கள் மட்டும் கையில் வைத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தரோ, உயர்கல்வித் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவரோ இதைப் படித்தால், நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். புதுக் கட்டடம் வேண்டாம். காந்திகிராமம், எம்.ஐ.டி.எஸ், இன்னும் ஒன்றிரண்டு பல்கலைக்கழகத் துறைகள் சேர்ந்து பொதுவாக ஓர் ஆய்வு உதவி அலுவலகம்: ஐ.சி.எஸ்.எஸ்.ஆர் முதல் ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சில் வரை எங்கே என்ன அறிவிப்பு என்று பார்த்துச் சொல்ல ஒருவர், பட்ஜெட் போட்டுக் கொடுக்க ஒருவர், டேட்டாவைக் கையாளக் கற்றுக்கொடுக்க ஒரு புள்ளியியல் ஆள், வருடத்துக்குப் பத்து இளம் ஆய்வாளர்களுக்கு ஆளுக்கு ஓரிரு லட்சம் விதைப் பணம். இதை 2027 சென்சஸ் தரவு வெளிவருவதற்குள் தொடங்கிவிட்டால் முதல் கேள்விகளை நம் மாணவர்கள் கேட்பார்கள்.